ரயில் கரிக் கணப்பு

மகள் பிறந்து ஏழெட்டு மாதம் இருக்கும். ஒருநாள் காலையில் எழுந்தபோது என் விரல்கள் மடங்கவில்லை. கையின் மேலேயே படுத்துவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்தேன். வெயில் ஏறியதும் சரியாகிவிட்டது. மறுநாளும் அதே கதை. பிறகு மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் என்று ஒவ்வொன்றாக வீங்கிச் சூடேறின. மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகிய நாட்களில், அதே சுவரைப் பிடித்துக்கொண்டு நானும் நடந்தேன்.

அப்போது அரியலூரில், ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் சொந்தமாக ஒரு ஜோடி மாடும் பார வண்டியும் வைத்திருந்தார். பெரம்பலூர்ப் பக்கம் ரயில் கிடையாது. அங்கே விளையும் நிலக்கடலையை மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு அரியலூர் ஸ்டேஷனில் இறக்குவார். போனால் மறுநாள்தான் திரும்புவார். என் பிறந்த ஊர் சிறுவாச்சூர் என்பதால், போகிற வழியில் என் அம்மாவிடம் என்னைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வருவார். நல்லாத்தான் இருக்கு என்று அவர் சொல்வதை அம்மா நம்பியதில்லை.

வீட்டில் இன்னொருவரும் இருந்தார். என் நாத்தனார், வீட்டுக்காரரின் அக்கா. அவர் புருஷன் பிழைப்புக்கு ரங்கூன் போனவர். அங்கே குண்டு விழுந்த பிறகு செத்தாரா இருக்கிறாரா என்று ஒரு தகவலும் இல்லை. தாலியை வைத்துக்கொள்வதா கழற்றுவதா என்று தெரியாத ஒரு வாழ்க்கை. தம்பி வீட்டுக்கு வந்தவர், நான் படுத்துவிட்டதால் மொத்த வேலையையும் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. தண்ணீர் சுமப்பது, மாவாட்டுவது, என் குழந்தையைக் குளிப்பாட்டுவது, எனக்குத் தலை பின்னிவிடுவது எல்லாம் அவர்தான். செய்வார், ஆனால் சும்மா செய்ய மாட்டார்.

"வெயிலடிச்சா நல்லா இருக்கு. குளிரடிச்சா கையி காலு வரல. இது என்னா நோவு புள்ள, நேரங்காலம் பாத்து வருது?" என்பார்.

அவர் சொன்னதில் பொய்யில்லை. ஐப்பசியில் மழை பிடித்ததும் என் உடம்பு என் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிடும். வைத்தியர் ஒருவர் நாடி பார்த்துவிட்டு, "முடக்குவாதம். தைலம் தரேன், தேச்சுக்க. ஆனா தைலத்தவிட சூடுதான் முக்கியம். ஒடம்பு எந்நேரமும் கதகதன்னு இருக்கணும்மா," என்றார்.

யுத்த காலத்தில் கதகதப்புக்கு எங்கே போவது? கம்பளியெல்லாம் பட்டாளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. புடவையே ரேஷன் கார்டுக்கு அளந்துதான் கொடுத்தார்கள். விறகு கிடைத்தால் ஈரமாகக் கிடைக்கும், அதுவும் சோறாக்கத்தான் காணும். இருக்கிறதை வைத்து ஒப்பேற்றினோம். வண்டியில் கிழிந்துபோன சாக்குகளைத் தைத்து, அதற்குள் கடலைத்தோலை நிரப்பி எனக்கு மெத்தை செய்து கொடுத்தார் வீட்டுக்காரர். புரண்டால் மொறுமொறுவென்று சத்தம் போடும், ஆனால் தரையின் ஈரம் முதுகில் ஏறாது. பழம்புடவையை நீளமாகக் கிழித்து முழங்காலிலும் மணிக்கட்டிலும் சுற்றிக்கொள்வேன். விடியற்காலையில் கூடத்துச் சுவரோடு முதுகை ஒட்டி உட்கார்ந்துகொள்வேன். அந்தச் சுவருக்கு மறுபக்கம் பக்கத்து வீட்டுப் பாயம்மாவின் அடுப்பு இருந்தது. ஸ்டேஷனில் விற்பதற்காகப் பாயம்மா இருட்டோடு எழுந்து ஆப்பம் சுடுவார். எட்டு மணி வாக்கில் அந்தச் சுவர் பசுமாட்டு வயிறு போல வெதுவெதுப்பாகிவிடும். அதற்குப் பிறகுதான் என் விரல்கள் தம்ளரைப் பிடிக்கும்.

அந்த வருஷம் மழை நிற்கவில்லை. கார்த்திகை முடிந்து மார்கழி பிறந்தும் வானம் மூடியே கிடந்தது. மழையோடு வாடைக்காற்றும் சேர்ந்துகொண்டது. ஒருநாள் காலையில் என்னால் எழுந்திருக்கவே முடியவில்லை. படுத்த இடத்திலிருந்தே கேட்டேன், நாத்தனார் தம்பியிடம் வாசலில் பேசிக்கொண்டிருந்தார்.

"என்னால எத்தன நாளக்கிடா முடியும்? பாடாலூர்ல மாமன் பொண்ணு இருக்கா. கையி காலு தெடமான பொண்ணு. இவள ஒண்ணும் தள்ளி வெக்கச் சொல்லல. இவளும் ஒரு மூலையில இருந்துட்டுப் போறா."

அவர் என்ன பதில் சொல்கிறார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். மாட்டை நுகத்தடியில் பூட்டும் சத்தம்தான் வந்தது.

"மழ வுடட்டும் அக்கா," என்றார் கடைசியில். முடியாது என்று சொல்லவில்லை.

வண்டி கிளம்பும்போது நாத்தனார் எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்: "பெரம்பலூரு வரைக்கும் போற. அப்படியே பாடாலூருக்கும் ஒரு எட்டு போயிட்டு வந்துடு."

வீட்டுக்காரர் உள்ளே வந்து மகள் தலையைத் தடவினார். என் முகத்தைப் பார்க்காமல், "பத்திரமா இரு, வரேன்," என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று முழுக்க என் கண் முன்னால் ஒரு திடமான பெண் இந்த வீட்டில் தண்ணீர்க்குடம் இறக்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மத்தியானம் குளிர் இன்னும் கடுத்தது. பொழுது சாய்ந்தாற்போல இருட்டிக்கொண்டு வந்தது. கூடத்தில் ஓடு ஒழுகியது. நாத்தனார் என்னை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, பின்னாலிருந்த உள் அறைக்கு நகர்த்தினார். தானியம் வைப்பதற்காகப் பலகை அடித்து மச்சு போட்ட சின்ன அறை அது. ஜன்னல் கிடையாது. ஒழுகாது என்ற ஒன்றுக்காகத்தான் அங்கே போனோம். அங்கேயும் கதவுக்கு அடியில் வாடை புகுந்து என் கணுக்காலைக் கத்தி போல அறுத்தது. எவ்வளவு அடக்கியும் முனகல் வெளியே வந்துவிட்டது.

நாத்தனார் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தலையில் ஒரு சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போனார். திரும்பி வந்தபோது புடவை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கையில் ஒரு கூடை கரி.

ஸ்டேஷனுக்கு அந்தப்பக்கம் ரயில் என்ஜினின் சாம்பலைத் தள்ளிக் கொட்டுவார்கள். அதில் பாதி எரிந்த நிலக்கரித் துண்டுகள் கிடக்கும். ஏழைப்பட்ட பெண்கள் அதைச் சலித்துப் பொறுக்குவார்கள். ரயில்வே ஆள் கண்டால் விரட்டுவான். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் அதற்குப் போனதில்லை. நாங்களும் காணி இருந்த குடும்பம் என்று நாத்தனார் வாய்க்கு வாய் சொல்வார். அப்படிப்பட்டவர் மழையில் குனிந்து சாம்பலில் கரி பொறுக்கிக்கொண்டு வந்திருந்தார்.

"வேடிக்க பாக்காத. காலக் கொஞ்சம் மடக்கு," என்றார்.

வாய் உடைந்த ஒரு பானையில் வரட்டியைப் பற்றவைத்து மேலே கரியைப் போட்டு விசிறினார். கூடத்தில் வைத்து, புகை அடங்கிக் கரி சிவந்து கனன்ற பிறகுதான் உள்ளே தூக்கி வந்தார். புகைதான் கெடுதல், கனலுக்கு ஒன்றும் இல்லை என்பதுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஈரத்தில் ஊறிய கதவு தானாகத் திறந்துகொண்டே இருந்ததால் தாழ்ப்பாள் போட்டார். கதவுக்கு அடியில் சாக்கைச் சுருட்டி அடைத்தார். ஈரப்புடவையை மாற்றிக்கொண்டு, கணப்புக்கு அந்தப்பக்கம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். மகளைப் பழம்புடவையில் சுற்றி எனக்கும் கணப்புக்கும் நடுவில் கிடத்தியிருந்தோம்.

அந்தச் சூடு என் முழங்காலுக்குள் இறங்கியதை இன்றும் சொல்ல முடியும். எலும்புக்குள் இருந்த முடிச்சுகளை யாரோ மெதுவாக அவிழ்ப்பது போலிருந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு விரல்கள் கொஞ்சம் அசைந்தன.

"இப்ப எப்படி இருக்கு?" என்றார்.

"நல்லா இருக்கு அக்கா."

"ம்," என்று கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "தல வலிக்குது. மழையில நனஞ்சது," என்றார்.

எனக்கும் நெற்றிப் பொட்டில் விண்விண்ணென்றது. வயிற்றைப் புரட்டியது. தூக்கம் கண்ணை அழுத்தியது. தூங்கிவிடலாம் என்றுதான் தோன்றியது. வலியில்லாத தூக்கம் எனக்கு எப்போது வாய்க்கும்?

என்னை எழுப்பியது எந்தச் சத்தமும் இல்லை. சத்தமில்லாததுதான். என் மகள் தூக்கத்தில் எப்போதும் மூக்கால் சிணுங்கிக்கொண்டே இருப்பாள். அந்தச் சிணுங்கல் நின்றிருந்தது. திரும்பிப் பார்த்தேன். வாய் திறந்து கிடந்தது. கன்னம் வழக்கத்தைவிடச் சிவந்திருந்தது. என் முழங்கையால் இடித்தேன். அசையவில்லை.

"அக்கா!"

நாத்தனார் சுவரோடு சரிந்து, தலை தோளில் தொங்க உட்கார்ந்திருந்தார். வாயோரம் வாந்தி வழிந்திருந்தது.

"அக்கா! அக்கா!"

கத்துகிறேன் என்று நினைத்தேன். என் காதுக்கே அது தூரத்தில் கேட்டது. அறை மெல்லச் சுழன்றது. ஏதோ கெட்டது இந்த அறைக்குள் இருக்கிறது, கதவைத் திறந்தே ஆக வேண்டும் என்ற ஒன்று மட்டும் புத்தியில் நின்றது. ஏன் என்று தெரியாது.

மெத்தையிலிருந்து உருண்டு இறங்கினேன். முழங்காலை ஊன்ற முடியாததால் முழங்கைகளை ஊன்றி ஊர்ந்தேன். கதவடியிலிருந்த சாக்கைக் கையால் பிடிக்க முடியவில்லை. பல்லால் கடித்து இழுத்தேன். ஒரு முனை விலகியது. அந்த இடுக்கில் மூக்கை வைத்து இழுத்த மூச்சு ஐஸ் மாதிரி உள்ளே போனது. அந்த வாடையைத்தான் அத்தனை நாளும் திட்டிக்கொண்டிருந்தேன்.

தாழ்ப்பாள் இடுப்பு உயரத்தில் இருந்தது. கதவில் சாய்ந்து முட்டி போட்டு எழுந்தேன். முழங்காலில் ஆணி அடித்தாற்போல வலி. இரும்புத் தாழ்ப்பாளின் குமிழைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடிக்கப் பார்த்தேன். விரல் குவியவில்லை. உள்ளங்கையால் தள்ளினேன். மழை ஈரத்தில் இறுகிக் கிடந்தது. முழங்கையால் இடித்தேன், தோல் உரிந்ததுதான் மிச்சம். பின்னால் என் குழந்தை மூச்சு விடுகிறதா என்று திரும்பிப் பார்க்கக்கூடப் பயமாக இருந்தது. பார்த்தால் அங்கேயே விழுந்துவிடுவேன்.

முந்தானையை எடுத்துக் குமிழில் சுற்றினேன். மணிக்கட்டால் ஒரு சுற்று, வாயால் ஒரு சுற்று. முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு உடம்பு முழுவதையும் பக்கவாட்டில் சாயவிட்டேன். பல் ஆடியது. துணி கிழிந்துவிட்டது என்று நினைத்த அந்த நொடியில் தாழ்ப்பாள் சரக்கென்று நகர்ந்தது. நான் தரையில் விழுந்தேன். கதவு தானாகவே திறந்துகொண்டது.

காற்று உள்ளே பாய்ந்தது. மகளைச் சுற்றியிருந்த புடவை முடிச்சை வாயால் கவ்வி, பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து அவளைக் கூடத்துக்கு இழுத்தேன். ஓடு ஒழுகிக்கொண்டிருந்த இடத்துக்குக் கீழே அவள் முகம் வந்தது. முகத்தில் சொட்டுச் சொட்டாக மழைத்தண்ணீர் விழுந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு. மூக்கைச் சுளித்தாள். பிறகு வீரிட்டாள். அந்த அழுகையைக் கேட்டு அழக்கூட எனக்கு நேரமில்லை. நாத்தனார் இன்னும் உள்ளே இருந்தார்.

அவரை என்னால் அசைக்க முடியாது. அழைத்தால் மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. கூடத்து மூலையில் காலிப் பித்தளைக் குடம் இருந்தது. அதைத் தோளால் தள்ளிச் சாய்த்து, பாயம்மா வீட்டுச் சுவரில் மோதும்படி முன்கையால் இடித்தேன். ணங்கென்றது. மறுபடியும் இடித்தேன். மறுபடியும்.

வாசல் கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. பாயம்மா முக்காட்டை இழுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"யா அல்லா! ஓடு சரிஞ்சுபோச்சா புள்ள?"

என்னால் உள் அறையைக் கண்ணால்தான் காட்ட முடிந்தது. பாயம்மா உள்ளே ஒரு அடி வைத்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பாய்ந்து, நாத்தனாரின் இரண்டு கையையும் பிடித்துத் தரதரவென்று கூடத்துக்கு இழுத்து வந்தார். பானையைத் துணியால் பிடித்து வாசலில் கொண்டுபோய்க் கவிழ்த்தார். மழையில் அது உஸ்ஸென்று சீறியது.

ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரை அழைத்துவரப் பாயம்மாவின் புருஷன் ஓடினார். கம்பவுண்டர் நாத்தனாரின் இமையை விலக்கிப் பார்த்தார். "மூடுன ரூம்ல கரி போட்டீங்களா? அது காத்தையே வெஷமாக்கிடும்மா. புகை இல்லாட்டி கெடுதல் இல்லன்னு நெனச்சுக்கிறாங்க. புகை இருந்தாலாச்சும் இருமிட்டு எழுந்திரிச்சு வெளிய ஓடுவீங்க," என்றார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் நாத்தனார் கண் விழித்தார். யாரையும் அடையாளம் தெரியவில்லை. தம்பி பேரைச் சொல்லி, பள்ளிக்கூடம் விட்டு வந்துட்டானா என்று கேட்டார்.

மருதையாற்றில் வெள்ளம் வந்து வண்டிகளெல்லாம் அக்கரையில் நின்றுவிட்டன. வீட்டுக்காரர் வருவதற்குத் தாமதமானது. அதற்குள் சந்து முழுக்கப் பேச்சு வளர்ந்துவிட்டது. நாத்தனாருக்கு என்னைக் கண்டால் ஆகாது என்பதும், பாடாலூர்ப் பெண் விஷயமும் ஊருக்கே தெரியும். கதவைத் தாழ் போட்டு, சாக்கை வைத்து அடைத்து, கரியைப் போட்டிருக்கிறாள் என்றால் சும்மாவா என்று பேசினார்கள். வண்டியை நிறுத்துவதற்கு முன்பே யாரோ அவர் காதில் ஓதிவிட்டார்கள்.

உள்ளே வந்தவர் மகளை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டார். நாத்தனார் கொல்லைப்புறத்தில் குந்தியிருந்தார். பாதி திறந்த கதவு வழியாக அவர் முதுகு தெரிந்தது.

"உள்ளதச் சொல்லு," என்றார் என்னிடம், குரலைத் தாழ்த்தி. "அக்கா வேணும்னே செஞ்சுதா?"

இரண்டு நாளாக நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். சந்தில் பேசுகிறவர்கள் என் தலைமாட்டிலும் வந்து பேசிவிட்டுத்தான் போயிருந்தார்கள். வீட்டுக்காரர் கேட்டதற்குத் தலையை ஆட்டினால் போதும், பாடாலூர்ப் பேச்சும் அதோடு முடிந்துவிடும். அதுவும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

"சொல்லு புள்ள. அப்படி எதுவும்னா எறையூர்ல பெரியப்பா வூட்டுல கொண்டுபோய் விட்டுடுறேன். இனிமே இந்த வூட்டுல இருக்க வேணாம்."

கொல்லையில் அந்த முதுகு அசையவே இல்லை.

"நாங்க மூணு பேரும் ஒரே அறைக்குள்ளதாங்க இருந்தோம்," என்றேன். "என்னயக் கொல்லணும்னு நெனச்சவங்க தாங்களும் உள்ள வந்து உக்காந்துக்குவாங்களா? எனக்குக் குளிர் தாங்கலன்னு அந்த மழையில போயி ரயில் கரி பொறுக்கிட்டு வந்தாங்க. உங்க அக்கா. சாம்பல்ல குனிஞ்சு. அவங்க மொதல்ல மயங்குனாங்க. நான் அப்பறம்தான்."

அவர் என்னையே பார்த்தார். கிளம்பிய அன்று என் முகத்தைப் பார்க்காமல் போனவர், இப்போது கண்ணை எடுக்கவில்லை.

"பாடாலூருக்குப் போனீங்களா?" என்று கேட்டுவிட்டேன். கேட்க வேண்டும் என்று நினைக்கவில்லை, வாய் முந்திக்கொண்டது.

"போனேன்," என்றார். "வூட்டு வாசல் வரைக்கும் போனேன். உள்ள போகல."

மறுநாள் காலையில் நாத்தனார் வழக்கம்போல என் தலையைப் பின்ன உட்கார்ந்தார். அவர் கை நடுங்கியது. பின்னிய சடை அவிழ்ந்து அவிழ்ந்து போயிற்று. மூன்றாவது தடவையும் அவிழ்ந்தபோது சீப்பைக் கீழே வைத்தார்.

"எனக்கு ஒண்ணும் நெனப்பில்ல. கதவ யாரு தொறந்தா?"

"நான்தான் அக்கா."

"இந்தக் கையாலயா?"

என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். வீங்கிய முட்டிகளை, உரிந்திருந்த முழங்கையை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அதுவரை அந்தக் கையைத் தூக்கியிருக்கிறார், துடைத்திருக்கிறார், தைலம் தேய்த்திருக்கிறார். பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

தை பிறந்து பாடாலூர் மாமன் விசாரிக்க வந்தார். நாத்தனார் வாசலிலேயே அவருக்கு மோர் கொடுத்தார். "பொண்ண வேற எடத்துல பாருங்க மாமா. எங்க தம்பிக்குப் பொண்டாட்டி இருக்கா," என்றார். மாமன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "மோரு குடிங்க, வெயிலேறுது," என்று முடித்துவிட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அறைக்குள் நெருப்பு வந்ததில்லை. சூட்டை மட்டும் உள்ளே கொண்டுவருவது எப்படி என்று நாங்களே கண்டுபிடித்தோம். கொல்லையில் சோறாக்கும்போதே அடுப்பைச் சுற்றி நாலு செங்கல்லை அடுக்கிவிடுவோம். சோறு வடிக்கும் நேரத்துக்குள் அவை நன்றாகச் சூடேறிவிடும். சாக்கில் சுற்றி என் கால்மாட்டில் ஒன்று, இடுப்புக்கு ஒன்று. ஆற்று மணலை வறுத்துத் துணிப்பையில் கட்டி விரல்களுக்கு ஒத்தடம். நொச்சியிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீர் காலையில் கைகளை நனைக்க. எதற்கும் தனியாக விறகு வேண்டியதில்லை. குளிர் போய்விடவில்லை, வலியும் போகவில்லை. ஆனால் காலையில் எழுந்திருக்க முடிந்தது.

நாத்தனாருக்குக் கை நடுக்கம் கடைசிவரை போகவில்லை. மறதியும் வந்தது. அடுப்பில் செங்கல்லை வைத்துவிட்டு மறந்துபோவார். நான் படுத்த இடத்திலிருந்தே, "அக்கா, கல்லு," என்று குரல் கொடுப்பேன். "தெரியுது, தெரியுது, கத்தாத," என்று பதில் வரும். அந்தக் குரலில் பழைய கடுப்பு அப்படியேதான் இருந்தது. எனக்கு அது பழகியும் போயிருந்தது.

அடுத்த மார்கழியில் அவருக்கும் முதுகு பிடித்துக்கொண்டது. ஒன்றும் கேட்காமல் வந்து கடலைத்தோல் மெத்தையில் என் பக்கத்தில் படுத்து, ஒரு செங்கல்லைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் படுத்திருந்த மகள், வேர்க்கிறது என்று சிணுங்கிக்கொண்டே எழுந்து போய் வெறுந்தரையில் படுத்துத் தூங்கினாள்.